ராஜபாளையம் பெட்டைக்கு அதே தகப்பன் லைனில் கடுவன் சேர்க்கலாமா?

கானாடுகாத்தானிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டில் இரண்டரை வயது ராஜபாளையம் பெட்டை இருக்கிறது. முதல் ஈத்தில் ஐந்து குட்டி போட்டது. ஒன்று மூன்றாம் நாளே இறந்துவிட்டது. இன்னொன்றுக்குக் காது கேட்கவில்லை என்று ஏழாவது வாரத்தில்தான் தெரிந்திருக்கிறது. பெட்டையை விற்ற பிரீடர், "அடுத்த தடவை என்கிட்ட இருக்கிற கடுவனோட சேருங்க. ரெண்டும் ஒரே தகப்பனுக்குப் பிறந்தது. ரத்தம் சுத்தமா நிக்கும், குட்டி பால் மாதிரி வரும்" என்கிறாராம். சேர்க்கலாமா, நாட்டு நாய்க்கு மரபணுக் கோளாறே வராது என்கிறார்களே அது சரியா, அந்தச் செவிட்டுக் குட்டியை என்ன செய்வது என்று மூன்று கேள்வி.

தம்பி, சேர்க்க வேண்டாம். காரணத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம், முதலில் இதை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். பெட்டை அடுத்து பருவத்துக்கு வர அதிக நாள் இருக்காது.

நான் காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் வட்டாரத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கால்நடை வைத்தியம் பார்த்தவன். நீங்கள் எழுதியிருக்கும் வம்சாவளியில் உங்கள் கண்ணுக்குத் தப்பிய ஒன்று இருக்கிறது. பெட்டையின் தகப்பன் பெயரைப் பாருங்கள். பிறகு அதன் தாயினுடைய தகப்பன் பெயரைப் பாருங்கள். இரண்டும் ஒரே நாய். உங்கள் பெட்டையே தகப்பனுக்கும் மகளுக்கும் பிறந்ததுதான். இப்போது அதே நாயின் இன்னொரு மகனைக் கொண்டுவந்து சேர்க்கச் சொல்கிறார்கள். நான்கு தாத்தா பாட்டிகளின் இடத்தில் ஒரே நாய் திரும்பத் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறது.

இதில் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்பீர்கள். நம் ஊர்க் கணக்கிலேயே சொல்கிறேன். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டு விற்கப் போன காலத்துப் பேரேடுகள் உங்கள் வீட்டிலும் இரண்டாம் கட்டில் எங்காவது அடுக்கியிருக்கும். ஒரே கணக்கை இரண்டு பேர் இரண்டு பேரேட்டில் எழுதி வைத்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் நாற்பதாம் பக்கத்தைக் கரையான் அரித்துவிட்டால் மற்றதைப் புரட்டி வேலையை முடித்துக்கொள்ளலாம். உடம்பும் அப்படித்தான். ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒரு பிரதி, தகப்பனிடமிருந்து ஒரு பிரதி என்று இரட்டையாக இருக்கிறது. பெரும்பாலான கோளாறுகளில் ஒரு பிரதி பழுதானாலும் மற்றது தாங்கிக்கொள்ளும். நாய் ஆரோக்கியமாகவே திரியும், பழுது உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது. நீங்கள், நான், தெருவில் போகும் நாய், எல்லாருமே இப்படிச் சில பழுதுகளைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறோம். ஆனால் இரண்டு பேரேடும் ஒரே பழைய ஏட்டைப் பார்த்து எழுதியவை என்றால்? அரித்த பக்கம் இரண்டிலும் காலி. புரட்டிப் பார்க்க வேறு ஏடு இல்லை. நெருங்கிய ரத்தத்தில் சேர்ப்பதால் புதிதாக நோய் எதுவும் உண்டாவதில்லை. ஏற்கெனவே ஒளிந்திருந்த பழுது, இரண்டு பக்கமும் ஒன்றாக வந்து சேர்ந்து வெளியே தெரிகிறது.

எவ்வளவு வேகமாக வந்து சேரும் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு கடுவன் ஏதோ ஒரு பழுதை ஒற்றைப் பிரதியாகச் சுமக்கிறது. அதன் மகளுக்கு அது வந்திருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. அந்த மகளோடு அதையே சேர்த்தால், குட்டிக்கு இரண்டு பழுதும் ஒன்றாக வர நான்கில் ஒரு வாய்ப்பு. ஆக மொத்தம் எட்டில் ஒன்று. அதே கடுவனை, நூறில் ஒரு நாய் மட்டும் அந்தப் பழுதைச் சுமக்கும் ஒரு வெளிக் கூட்டத்துப் பெட்டையோடு சேர்த்திருந்தால் நானூறில் ஒன்று. இது ஒரே ஒரு பழுதுக்கு. ஒவ்வொரு நாயும் பல பழுதுகளைச் சுமக்கிறது.

இந்த நெருக்கத்தை அளக்கும் முறையை 1922ல் சூவல் ரைட் என்ற அமெரிக்க மரபியலாளர் வகுத்துக் கொடுத்தார். ஒரு மரபணுவின் இரண்டு பிரதியும் ஒரே மூதாதையின் ஒரே பிரதியிலிருந்து வந்தவையாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் அந்த எண். உடன்பிறந்த இரண்டைச் சேர்த்தால் குட்டிக்கு 25 சதவீதம். தகப்பனும் மகளும், தாயும் மகனும் சேர்ந்தாலும் 25. தகப்பன் ஒன்று, தாய் வேறு என்றால் 12.5. தாத்தாவும் பேத்தியும் என்றாலும் அதே 12.5. பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் முறை என்றால் 6.25. விற்றவர் சொல்லும் சேர்க்கை வெளிப் பார்வைக்கு 12.5 போலத் தெரியும். உங்கள் பெட்டையே தகப்பன்–மகள் வழி வந்ததால், அந்தக் கடுவனின் தாய் முழுக்க வெளி ரத்தம் என்றே வைத்தாலும் குட்டிக்கு 18.75 வரும். தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக இருக்கும்.

எனக்கு எப்போதும் மனதை உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. ஆடு வளர்க்கும் நம் ஆட்களுக்கு இது நன்றாகவே தெரியும். கிடாயின் குட்டிகள் பருவத்துக்கு வந்துவிட்டால், "இனிமே இந்தக் கிடா நம்ம பட்டிக்கு ஆகாது" என்று இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவார்கள். யாரும் கல்லூரியில் படித்துவிட்டுச் செய்வதில்லை. மாற்றாத பட்டியில் குட்டி சிறுத்துப்போவதையும் ஈன்றதும் சாவதையும் கண்ணால் பார்த்தவர்கள். நகரத்தார் வீட்டில் சம்பந்தம் பேசும்போது முதலில் கேட்பதே எந்தக் கோவில் என்றுதான். ஒன்பது கோவிலில் ஒரே கோவில், ஒரே பிரிவு என்றால் பங்காளி, பேச்சு அங்கேயே முடிந்தது. அங்கே காரணம் உறவுமுறைதான், மரபணு இல்லை. ஆனாலும் எது எங்கிருந்து வந்தது என்று தலைமுறை கடந்து ஞாபகம் வைத்திருக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கிடாயை மாற்றும் அதே மனிதர், முகப்பில் கட்டியிருக்கும் நாய் என்று வந்தவுடன் தகப்பனையும் மகளையும் சேர்த்துவிட்டு அதற்குச் சுத்த ரத்தம் என்று பெயர் வைத்துவிடுகிறார்.

பிரீடர் பக்கம் இருக்கும் நியாயத்தையும் சொல்ல வேண்டும். இனம் என்று ஒன்று உருவானதே நெருங்கிய சேர்க்கையால்தான். ஒரே உயரம், ஒரே நிறம், ஒரே குணம் என்று அச்சு மாறாமல் வர வேண்டுமென்றால் ஏதோ ஒரு கட்டத்தில் உறவுக்குள் சேர்த்துத்தான் ஆக வேண்டும். இதைக் கொஞ்சம் தள்ளிச் செய்தால் லைன் பிரீடிங் என்பார்கள், நெருங்கிச் செய்தால் இன்பிரீடிங் என்பார்கள். இரண்டுக்கும் அளவுதான் வித்தியாசம். முதல் இரண்டு தலைமுறையில் குட்டிகள் அழகாகவே வரும், போட்டியில் கோப்பையும் வாங்கும். அதைப் பார்த்துத்தான் அவர் நம்புகிறார், பொய் சொல்லவில்லை. கடன் வாங்கிக் கல்யாணம் நடத்துவது மாதிரி, வட்டி பிறகுதான் வரும். உடன்பிறந்தவற்றையே வரிசையாகச் சேர்த்துக்கொண்டு போனால் அந்த எண் 25, 37.5, 50, 59 என்று ஏறும். கூடவே குட்டி எண்ணிக்கை குறையும், பால் குடிக்கத் தெம்பில்லாமல் முதல் வாரத்தில் சாகும், பெட்டை சினை பிடிக்காது, தோல் அரிப்பும் காது சீழும் ஓயாது. எந்த ஒரு நோயின் பெயரையும் சொல்ல முடியாத இந்த மெலிவுதான் எனக்குப் பெரிய கவலை. அமெரிக்காவில் கோல்டன் ரிட்ரீவர்களை வைத்து 2019ல் வந்த ஆய்வில், இந்த நெருக்கம் 10 சதவீதம் கூடிய பெட்டை ஒரு ஈத்துக்குச் சராசரியாக ஒரு குட்டி குறைவாகப் போடுகிறது என்று கண்டார்கள். உங்கள் பெட்டை ஐந்து போட்டு, அதில் ஒன்று மூன்றாம் நாள் போனதற்கு இது மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். குளிர், தாய் மேலே படுத்துவிடுவது, நோய்த்தொற்று என்று எதுவாகவும் இருக்கலாம். ஆனால் முதல் ஈத்துக்கும் அவர் வீட்டுக் கடுவனைத்தான் விட்டதாக எழுதியிருக்கிறீர்கள்.

எல்லாரும் ஒரே கடுவனைத் தேடி ஓடுவது இன்னொரு ஆபத்து. ஒரு நாய் நாலு ஊர் போட்டியில் ஜெயித்துவிட்டால் சுற்றுவட்டாரத்துப் பெட்டை எல்லாம் அதனிடம் போகும். இதற்கும் கணக்கு உண்டு. ஒரு கடுவன், இருபது பெட்டை இருக்கும் கூட்டத்தில் தலையை எண்ணினால் இருபத்தொன்று. மரபணுக் கணக்கில் அது நான்கு நாய்க்கும் குறைவான கூட்டம். பத்துக் கடுவனும் பதினோரு பெட்டையும் இருந்தால் அதே இருபத்தொன்று ஏறக்குறைய இருபத்தொன்றாகவே நிற்கும். ஜெர்மன் ஷெப்பர்டில் கான்டோ ஃபான் டெர் வீனராவ் என்று ஒரு கடுவன், 1968ல் பிறந்தது. நடை அழகுக்குப் பெயர் போனது, இனம் முழுக்கத் தடம் பதித்தது. நான்கு வயதிலேயே இறந்துபோனது. ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா ஏ அந்த இனத்தில் பல நாடுகளுக்கும் பரவியதை அதன் மகள்கள் வழியாகத்தான் பின்னோக்கிப் பிடித்தார்கள். நாய் நல்ல நாய்தான். ஒரே நாயை அத்தனை வீட்டுக்கும் மாப்பிள்ளையாக்கியதில்தான் தப்பு.

என் கையிலேயே நடந்த ஒன்று. பூட்டிக்கிடக்கும் ஒரு பெரிய வீட்டுக் காவலுக்கு வைத்திருந்த டாபர்மன் பெட்டைக்குக் கருத்தடை அறுவை செய்தேன். சாதாரணமாகச் செய்யும் வேலை. தையல் போட்ட பிறகும் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. விடிய விடிய உட்கார்ந்து, இன்னொரு நாயிடமிருந்து ரத்தம் எடுத்து ஏற்றித்தான் காப்பாற்ற முடிந்தது. டாபர்மன்களில் வான் வில்பிராண்ட் என்ற ரத்தக் கசிவு நோய் அடிக்கடி வரும். பிறகு விசாரித்தால் அதே ஈத்தில் பிறந்த இன்னொரு பெட்டை வேறு ஊரில் இதே அறுவையில் இறந்திருக்கிறது. விற்றவருக்கு அது தெரியும். என்னிடமோ, வாங்கியவரிடமோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று முதல், எந்த டாபர்மன் வந்தாலும் ஈறில் சிறிய கீறல் போட்டு ரத்தம் நிற்கும் நேரத்தைப் பார்க்காமல் நான் கத்தியைத் தொட்டதில்லை.

உலக நிலவரத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2008ல் பிரிட்டனின் வம்சாவளிப் பதிவேடுகளை எடுத்துக் கணக்கிட்டார்கள். அங்கே இருந்த சுமார் 10,000 பக் நாய்கள், மரபணு வளத்தில் வெறும் 50 நாய்களுக்குச் சமம் என்று வந்தது. அதே வருடம் பிபிசி ஒரு ஆவணப்படத்தில் இதை வெளியே கொண்டுவந்தது. பெரிய கொந்தளிப்பு. 2009 மார்ச் முதல் பிரிட்டிஷ் கென்னல் கிளப், உடன்பிறந்தவற்றுக்கும் பெற்றோர்–பிள்ளைக்கும் பிறந்த குட்டியைப் பதிவதையே நிறுத்தியது. உங்கள் பெட்டை அங்கே பிறந்திருந்தால் அதற்குப் பேப்பரே கிடைத்திருக்காது. 2021 கடைசியில் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகம் 227 இனங்களில் 49,378 நாய்களின் டிஎன்ஏவைப் பார்த்துச் சராசரி நெருக்கம் சுமார் 25 சதவீதம் என்றது. தாளில் உறவே இல்லாத இரண்டு நாய்களின் குட்டி, டிஎன்ஏவில் அண்ணன் தங்கைக்குப் பிறந்தது போல இருக்கிறது என்று அர்த்தம். தாளில் மூன்று நான்கு தலைமுறைதான் இருக்கும், அதற்கு முன்னால் நடந்ததை உடம்பு மட்டும்தான் வைத்திருக்கிறது. நம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாம் எழுத்தில் இல்லாமல் வளர்த்தவர் நினைவிலேயே வந்தவை. ராஜபாளையத்துக்கு 2005ல் தபால்தலை வந்தது. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் இனமாகப் பதிவு செய்திருக்கிறது. பெருமைதான். அந்தப் பெருமையால் விலை ஏறி, விலை ஏறியதால் கையில் இருக்கும் இரண்டு மூன்று நாயை வைத்தே குட்டி எடுத்து விற்பது கூடிவிட்டது.

இப்போது வெள்ளைக்கு வருகிறேன். உங்கள் செவிட்டுக் குட்டிக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. நிறமிச் செல் என்று ஒன்று தோலுக்கும் மயிருக்கும் நிறம் கொடுக்கிறது. அதற்குக் காதிலும் வேலை உண்டு. உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட பகுதிக்குள், ஒலியை உணரும் மெல்லிய செல்களுக்கு உப்புச் சமநிலை காத்துக் கொடுக்கும் ஒரு திசு இருக்கிறது. அந்தத் திசு உயிரோடு இருக்க நிறமிச் செல்கள் வேண்டும். உடம்பை வெள்ளையாக்கும் மரபணுக்கள் நிறமிச் செல்கள் பரவுவதையே குறைக்கின்றன. அவை உள்காது வரை போய்ச் சேராவிட்டால், பிறந்து மூன்று நான்கு வாரத்தில் அந்தத் திசு சுருங்கி, ஒலியுணரும் செல்கள் செத்துப்போகும். திரும்ப வராது. டால்மேஷன், வெள்ளை புல் டெரியர், வெள்ளை பாக்சர் எல்லாவற்றிலும் பார்ப்பது இதைத்தான். ராஜபாளையத்தில் நாம் கேட்பது என்ன? துளி கறை இல்லாத பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு. காதோரம் பழுப்புப் புள்ளி விழுந்த குட்டியைச் சுத்தமில்லை என்று கழித்துவிடுவது நெடுநாள் பழக்கம். எந்தக் குட்டியின் காதில் நிறமி இருக்க அதிக வாய்ப்போ அதைத் தள்ளிவிட்டு, மிச்சத்தைத் திரும்பத் திரும்பத் தங்களுக்குள்ளேயே சேர்த்தால் செவிடு கூடத்தான் செய்யும். பிரீடர் "பால் மாதிரி வரும்" என்று ஆசை காட்டுவது இதைத்தான் என்பதைக் கவனியுங்கள்.

இதை ஒரே மரபணுச் சோதனையில் கண்டுபிடித்துவிட முடியாது. பல மரபணுக்கள் சேர்ந்த விஷயம். ஒரு காது மட்டும் செவிடான நாய்தான் நம்மை ஏமாற்றும். கூப்பிட்டால் வரும், சாப்பாட்டுத் தட்டுச் சத்தத்துக்கு ஓடிவரும், வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் பழுதை அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துவிடும். பேயர் என்று ஒரு சோதனை இருக்கிறது. ஒவ்வொரு காதிலும் தனித்தனியாக டிக் டிக்கென்று ஒலி கொடுத்து, தலையில் வைத்த மெல்லிய ஊசிமுனைகள் வழியாக மூளையின் மின்னசைவைப் பதிவு செய்வார்கள். ஆறாவது வாரத்திலிருந்து செய்யலாம். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ ஒரத்தநாட்டுக் கல்லூரிக்கோ போகும்போது இதைப் பற்றிக் கேளுங்கள். மீதி இருக்கும் மூன்று குட்டிகளையும் வீட்டிலாவது பாருங்கள். தூங்கும்போது பின்பக்கமாக நின்று, காற்றும் தரை அதிர்வும் படாமல் சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். காது அசைகிறதா, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று நாலைந்து நாள் குறித்து வையுங்கள். எப்போதும் ஒரே பக்கமாகத் திரும்பித் தேடும் குட்டி மேல் சந்தேகம் வைக்கலாம்.

வெளி ரத்தம் சேர்த்தால் இனம் கெட்டுவிடும் என்ற பயத்துக்கு டால்மேஷன் கதைதான் நல்ல மருந்து. சுத்த டால்மேஷன் அத்தனைக்கும் யூரிக் அமிலத்தைக் கையாளும் ஒரு மரபணு இரண்டு பிரதியிலும் பழுது. அதனால் சிறுநீர்ப்பையில் கல் சேரும். கடுவனுக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. இனத்துக்குள் நல்ல பிரதி ஒன்றுகூட மிச்சம் இல்லாதபோது எந்த டால்மேஷனைத் தேடி யாரோடு சேர்ப்பது? 1973ல் ராபர்ட் ஷைபிள் என்ற அமெரிக்க மரபியலாளர் ஒரே ஒரு பாயின்டர் நாயைச் சேர்த்தார். பிறகு வந்த குட்டிகளில் நல்ல பிரதி உள்ளவற்றைத் திரும்பத் திரும்ப டால்மேஷனோடே சேர்த்துக்கொண்டு வந்தார். சில தலைமுறையில் புள்ளி, உயரம், ஓட்டம் எல்லாம் டால்மேஷன்தான், கல் மட்டும் இல்லை. பழுதான மரபணு எது என்று 2008ல் கண்டுபிடித்தார்கள். ஆனாலும் அமெரிக்கக் கென்னல் கிளப் அந்த வழி நாய்களை ஏற்றுக்கொள்ள 2011 ஆனது. இடையில் முப்பத்தெட்டு வருடம், எத்தனை நாய்கள் சிறுநீர் கழிக்க முடியாமல் முக்கி முனகியிருக்கும். கலப்பு என்ற ஒரு வார்த்தைக்காக.

எதிர்ப்பக்கம் நார்வேயின் லுண்டஹுண்ட். தீவுப் பாறைகளில் பஃபின் பறவை பிடிக்கப் பழக்கிய நாய். டிஸ்டம்பர் என்ற நாய்த் தொற்றுநோய் வந்து இனமே அழியப் போய், இன்று இருக்கும் அத்தனையும் ஆறு நாய்கள் போல மிஞ்சியதிலிருந்து வந்தவை. குடலில் புரதம் கசிந்து உடம்பு உருகும் நோய் அந்த இனத்தையே பிடித்திருக்கிறது. கடைசியில் பக்கத்து இன நாய்களோடு சேர்த்துத்தான் மீட்டுக்கொண்டிருக்கிறார்கள். ராஜபாளையத்துக்கு அந்த அளவு கதி இன்னும் வரவில்லை. வேறு இனத்தைச் சேர்க்கத் தேவையே இல்லை, வேறு குடும்பத்தைச் சேர்த்தால் போதும்.

இரண்டாவது கேள்வி, நாட்டு நாய்க்கு வராதா என்பது. தெரு நாய் பற்றிக் கேட்டால், ஒளிந்த பழுது இரட்டையாகச் சேர வாய்ப்புக் குறைவு என்பது உண்மை. பலவீனமானது தெருவில் நிலைக்காது என்பதும் உண்மை. ஆனால் நோயே வராது என்பது மிகை. டேவிஸ் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு வந்த 27,000க்கு மேற்பட்ட நாய்களின் பதிவை வைத்து 2013ல் ஒரு ஆய்வு வந்தது. 24 பரம்பரைக் கோளாறுகளைப் பார்த்ததில் 10 இன நாய்களில் அதிகம், 13ல் இனத்துக்கும் கலப்புக்கும் வித்தியாசம் இல்லை, முழங்கால் தசைநார் அறுவது ஒன்று மட்டும் கலப்பில் அதிகம். நம் இனம், நாட்டு இனம் என்று சொல்லிக்கொள்ளும் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் இந்தக் கணக்கில் இன நாய்கள்தான். ஊர் பெயர் தமிழாக இருப்பதால் மரபணு விதி மாறாது.

உங்கள் சித்தப்பா பக் குட்டி பார்த்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். சித்திரை வெயிலில் மூச்சுக்குழல் நசுங்கிய முகத்தோடு ஒரு நாய் நம் ஊரில் படும் பாட்டை மேசையில் கிடத்திப் பார்த்தவன் சொல்கிறேன், வேண்டாம். லாப்ரடார் வாங்கினால் தாய் தகப்பனின் இடுப்பு எக்ஸ்ரேயைக் கேளுங்கள். குட்டி வந்த பிறகு முதல் மூன்று மாதம் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஓடவிடாமல், படி ஏறவிடாமல், மண்ணில் விளையாட விடுங்கள். இடுப்பு மூட்டுக் கோளாறுக்குப் பரம்பரை ஒரு பாதி, வளர்ப்பு ஒரு பாதி. நம் வீடுகளின் வழவழப்பு குட்டிக்கு ஆகாது. சாக்கு விரித்தாலும் போதும்.

சரி, உங்கள் பெட்டைக்கு என்ன வழி. ஒரு நல்ல செய்தி சொல்கிறேன். அது தகப்பன்–மகள் வழிக் குட்டியாகவே இருந்தாலும், உறவில்லாத கடுவனோடு சேர்த்தால் குட்டிகளின் நெருக்க எண் அந்த ஒரே தலைமுறையில் வம்சாவளிக் கணக்கில் பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஆனால் அது செவிட்டுக் குட்டி ஈன்றிருப்பதால், என்னைக் கேட்டால் முதலில் அதற்குப் பேயர் சோதனை செய்யுங்கள். ஒரு காது செவிடு என்று வந்தால் இனப்பெருக்கமே வேண்டாம், கருத்தடை செய்து சந்தோஷமாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் கேட்கிறது என்றால், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசிப் பக்கம் நேரில் போய்க் கடுவன் தேடுங்கள். தாத்தா பாட்டி வரை பெயர் சொல்லத் தெரிந்தவரிடம் போங்கள். அந்தப் பெயர்களில் ஒன்றுகூட உங்கள் தாளில் இருக்கக் கூடாது. ஐந்து வயதுக்கு மேற்பட்ட கடுவனாக இருந்தால் நல்லது. நடு வயதில் தலைகாட்டும் இதயக் கோளாறும் கண் கோளாறும் அதற்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும், அது முன்பு போட்ட குட்டிகளையும் பார்க்கலாம். எத்தனை கோப்பை வாங்கியது என்று கேட்காதீர்கள். அதன் தகப்பன் எத்தனை வயதில், எதனால் செத்தது என்று கேளுங்கள். காது ஓரத்திலோ, கண்ணைச் சுற்றியோ கொஞ்சம் நிறம் இருந்தால் தள்ளிவிடாதீர்கள். அந்தப் புள்ளியை நான் ஒரு காப்பீடாகத்தான் பார்க்கிறேன்.

மத்திய அரசின் 2017 நாய் இனப்பெருக்க விதிகள்படி பெட்டைக்கு 18 மாதம் நிறைந்திருக்க வேண்டும், வாழ்நாளில் 5 ஈத்துக்கு மேல் கூடாது, 8 வாரத்துக்கு முன் குட்டியை விற்கக் கூடாது. இதோடு நீங்கள் ஒன்று செய்யுங்கள். ஒரு நோட்டுப் போடுங்கள். எந்தத் தேதியில் எத்தனை குட்டி, எது எதனால் இறந்தது, எதற்குக் காது கேட்கவில்லை, யார் வீட்டுக்குப் போனது என்று எழுதுங்கள். வாங்கியவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை போன் போட்டு, நாய் எப்படி இருக்கிறது என்று கேட்டு அதையும் எழுதுங்கள். அணா பைசா விடாமல் எழுதிய வீட்டுப் பிள்ளை நீங்கள். நம் நாட்டு நாய்களுக்கு இன்று இல்லாத ஒரே பொருள் இந்த நோட்டுதான். கெட்டதை மறைக்காமல் எழுதிய நோட்டை அடுத்தவருக்குக் காட்டினால், அவர் தன் பெட்டைக்குக் கடுவன் தேடும்போது அது கண்ணாக இருக்கும்.

கடைசியாக அந்தக் குட்டி. யாருக்கும் சொல்லாமல் விற்றுவிடாதீர்கள், கண்மாய்க்கரையில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். காது கேட்காத நாய் ரோட்டில் ஒரு வாரம் தாங்காது. வளவுக்குள் சுவர் எடுத்த வீடு உங்களுக்கு இருக்கிறது, அதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆறு மாதம் கழிந்ததும் மருத்துவர் சொல்லும் வயதில் கருத்தடை செய்துவிடுங்கள். வெளியே கூட்டிப் போனால் எப்போதும் கயிற்றில். பெயருக்குப் பதிலாகக் கைச்சைகை பழக்குங்கள். உள்ளங்கை கீழே என்றால் உட்கார், விரல் மடக்கினால் வா. வீட்டில் எல்லாரும் ஒரே சைகையைக் காட்ட வேண்டும், ஆத்தா ஒன்றும் நீங்கள் ஒன்றும் காட்டினால் குழம்பிவிடும். இருட்டில் கூப்பிட டார்ச்சை இரண்டு முறை அணைத்து எரியுங்கள், நாலு நாளில் பிடித்துக்கொள்ளும். தூங்கும்போது சட்டென்று தொடாதீர்கள், பயத்தில் கடிக்கும், பிறகு கடிநாய் என்று பெயர் வந்துவிடும். மூக்குக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் பொறுங்கள். உங்கள் மணம் பிடித்துத் தானே கண் விழிக்கும், வாலாட்டும், பிறகு தட்டிக்கொடுங்கள்.